இழிசொல்லும் இளமூளையும்

கோவளத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் வடநெம்மேலி. 1978-இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் உள்ளது. பாம்புக்கடிக்கு இந்நாட்டில் இடப்படும் நச்சுமுறி ஊசிக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கை நெடுங்காலம் அளித்தது இச்சங்கமே. உயிர்காக்கும் இத்தொழிலே பள்ளியில் இருளர் வீட்டுப் பிள்ளைக்கு ஏளனப் பெயராகிவிடுவதுண்டு.

இழிவுற்ற கணத்தில் மூளை இடும் ஆணையால் அண்ணீரகச் சுரப்பி, கார்டிசால் என்னும் இயக்குநீரைக் குருதியில் கலக்கிறது. என்றோ நேரும் அச்சத்துக்கு அது காப்பு. அன்றாட இழிவுக்கோ அதுவே கேடு. உறக்கம் கெடும், நினைவு தளரும், மனச்சோர்வு நோயாக முற்றவும் கூடும். உணர்ச்சிகளை நெறிப்படுத்தும் மூளையின் முன்பகுதி இருபது அகவை கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டிருப்பதால் வளரிளம் பருவத்தார்க்குத் தீங்கு மிகுதி.

பொருளியல் அறிஞர் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்க்குப் புதிர்வழித் தாள்களைக் கொடுத்துப் பார்த்தனர். சாதி வெளிப்படாதவரை ஒடுக்கப்பட்ட பிள்ளைகளும் ஏனையோரும் நிகராகவே விடை கண்டனர். தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி ஆகியவற்றை அனைவர் முன்னும் படித்ததும் ஒடுக்கப்பட்டோரின் தேர்ச்சி ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. வசைச்சொல் ஒன்றும் அங்கே பேசப்படவில்லை என்பதை நோக்குக! 2006-இல் வெளிவந்த இவ்வாய்வை நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பாடமாகவே வைக்கலாம்.

இத்தீங்கிலிருந்து குடும்பம் காக்காதா எனில், காக்கும். அமெரிக்கச் சிற்றூர்களில் வாழும் இலத்தீன் அமெரிக்க வழியினரான இளையோரிடத்தும் குடும்ப அரவணைப்பு மனத்துயரைத் தணிப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் திரண்டு கன்னியம்மனை வழிபட்டுத் திருமணமும் முடிப்பதைப் பார்த்தவர், அவர்தம் சுற்றப் பிணைப்பின் வலிமையை அறிவர். ஆயினும் அதற்கு எல்லை உண்டு. மேகன் கன்னர் குழுவினரின் 2015-ஆம் ஆண்டு ஆய்வில், பெற்றோர் உடனிருந்தமை ஒன்பது, பத்து அகவையினரின் கார்டிசால் ஏற்றத்தைத் தடுத்தது. பதினைந்து, பதினாறு அகவையினரிடம் அவ்வாறு தடுக்கவில்லை. மேலும், செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் கடனுக்குக் கட்டுண்ட பெற்றோர் எத்தனை பொழுது பிள்ளையருகே இருக்க இயலும்? பெற்றோரே இழிவுக்குத் தப்பியவரல்லர். 2021-இல் மாமல்லபுரத்துக் கோயிலொன்றில் அன்னதானப் பந்தியில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதை நரிக்குறவத் தாயொருவர் காணொளியில் முறையிட்டார். அவ்வாண்டு நவம்பரில் முதலமைச்சரே அத்தாய் வாழும் பூஞ்சேரிக்கு வந்து பட்டாக்களை வழங்கினார். பட்டா கிடைத்தது நன்று. தாய் விரட்டப்பட்டதைக் கண்ட பிள்ளையின் உள்ளக்காயத்தை ஆற்றப் பட்டா போதாது.

ஆகவே குடும்பத்தின் தலையிலேயே இச்சுமையை ஏற்றுவது முறையன்று; காயம் விளையும் இடம் பள்ளி. நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் உடன்பயில்வோரால் சாதிவெறியில் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பெற்ற நீதிநாயகம் சந்துரு குழு 2024 சூனில் அளித்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது என்கிறது. உத்தரப் பிரதேசப் புதிர்வழி ஆய்வும் அதற்குச் சான்று. துயருற்ற பிள்ளைக்கு 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண்ணும் உண்டு. ஆசிரியப் பெருமக்களே, உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில் சாதி சொல்லிப் பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள். தனியே அழைத்துக் கையொப்பம் பெறுங்கள்.