மருத்துவ உதவி மனுக்களை நோய்வாரியாகப் பிரிப்பது ஏன்?

 

நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் ‘என்ன நோய்?’ என்ற இடத்தில் ஒருவர் ‘காலில் ஆறாத புண்’ என்று எழுதுகிறார். இன்னொருவர் ‘கண் ஆபரேஷன்’ என்கிறார். மற்றொருவர் ‘டயாலிசிஸ்’ என்கிறார். முன்பெல்லாம் இவற்றைக் கால், கண், கிட்னி என்று தனித்தனித் தலைப்பில் பதிவேட்டில் எழுதி வந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், இவற்றில் பலவற்றுக்கும் பின்னால் சர்க்கரை நோய் இருப்பது எங்களுக்குப் புரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்குக் குறியீடு கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதற்கு ஐ.சி.டி. என்று பெயர். அதன் பத்தாம் பதிப்பில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இ11 என்பது குறியீடு. அதனால் சிறுநீரகம் கெட்டால் இ11.2, கண் பாதித்தால் இ11.3, காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து புண் அழுகினால் இ11.5. புள்ளிக்குப் பின்னுள்ள எண் மாறினாலும் இ11 மாறுவதில்லை. இப்படி ஒரே வேரிலிருந்து வருபவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் வகைப்படுத்துதல். அமெரிக்காவில் 70,000-க்கும் அதிகமான நோய்க் குறியீடுகளைச் சுமார் 530 வகைகளாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

சிகிச்சைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. டயாலிசிஸ் என்பது நோயல்ல, சிகிச்சை. அதை மட்டும் எழுதினால், கிட்னி எதனால் கெட்டது என்பது தெரியாமல் போய்விடும். எனவே நோய், சிகிச்சை இரண்டையும் நாங்கள் பதிகிறோம்.

அதே சமயம், எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதும் தவறு. சிறுநீரகக் கல்லுக்கு என்20. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு என்18. இரண்டையும் மக்கள் ‘கிட்னி பிரச்சினை’ என்றே சொல்கிறார்கள். கல்லை அகற்ற ஒருமுறை உதவினால் பெரும்பாலும் போதும். டயாலிசிஸ் செய்பவருக்கோ வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் செலவு. இருவருக்கும் ஒரே தொகை என்பது நீதியாகாது.

ஜகாத், ஸதகா நிதி எங்களிடம் உள்ள அமானத். காலை எடுத்த பிறகு பணம் கொடுப்பதைவிட, கால் போகாமல் காப்பது மேல் அல்லவா? எந்த வகை நோய் நம் மஹல்லாவில் மிகுதி என்று தெரிந்தால்தான் அதற்கான முகாமை நடத்த முடியும்.

எனவே உங்களிடம் நாங்கள் வேண்டுவது மூன்று. மனுவுடன் டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் இணையுங்கள். நோயாளியின் பெயர் வகைப் பட்டியலில் இடம்பெறாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். டயாலிசிஸும் அதில் உண்டு. முப்பது வயது கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டணம் இல்லை. வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். வலி இல்லையென்று தள்ளிப்போடாதீர்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.