மடு மாதாவும் இடம்பெயர்ந்தோரும்

மடு மாதா திருத்தலம் இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் உள்ள கத்தோலிக்க யாத்திரைத் தலமாகும். இதன் வரலாறே இடப்பெயர்வில் தொடங்குகிறது. 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1670 அளவில் மாந்தையிலிருந்து வெளியேறிய சில குடும்பங்கள், தங்கள் கோயிலிலிருந்த மாதா சொரூபத்தையும் சுமந்துகொண்டு மடுக் காட்டில் தஞ்சமடைந்தன என்பது மரபு.

உள்நாட்டுப் போரில் வீடிழந்த ஆயிரக்கணக்கான தமிழர் இக்கோயில் வளவில் தங்கினர். 1999 நவம்பரில் எறிகணைகள் இங்கும் விழுந்து, தஞ்சமடைந்திருந்தோர் பலர் உயிரிழந்தனர். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது சொரூபமே தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது.

தங்களைப் போலவே ஊர்விட்டு ஊர் சென்ற தாயாக மாதாவைக் கண்டதால், இழப்பு நீங்காதபோதும் தாங்கள் தனித்துவிடப்படவில்லை என்ற ஆறுதலை அடியார்கள் பெற்றனர். ஆகஸ்ட் 15 பெருவிழாவில் இன்று தமிழரும் சிங்களவரும் கூடுகின்றனர்.