ஒருவரையும் தோற்கடிக்காத சாம்பியன்

ஆட்டத்தில் இரண்டு பேர். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைக்கலாம், அல்லது காலை வாரலாம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. ஒருவர் மட்டும் வாரினால் அவருக்கு 5, ஏமாந்தவருக்குப் பூஜ்யம். இருவருமே வாரினால் ஆளுக்கு 1. ஒரே சுற்று என்றால் கணக்குத் தெரிந்தவர் வாரத்தான் செய்வார். அதே ஆளோடு 200 சுற்று ஆடவேண்டும் என்றால்?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஆக்செல்ராட், இதைக் கம்ப்யூட்டரிடமே விட்டார். ஆட்டக் கோட்பாட்டு நிபுணர்கள் அனுப்பிய 14 நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, முடிவை 1980இல் வெளியிட்டார். வென்றது, வந்ததிலேயே மிகச் சிறிய நிரல்: அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய 'டிட் ஃபார் டாட்'. முதல் சுற்றில் ஒத்துழை; பிறகு எதிராளி போன சுற்றில் என்ன செய்தாரோ அதையே செய். அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இது எந்த எதிராளியையும் தோற்கடிக்கவே முடியாது. எப்போதும் காலை வாருகிற ஒருவரோடு ஆடினால் முதல் சுற்றில் ஏமாறும், மீதி 199 சுற்றிலும் ஆளுக்கு 1. முடிவில் 199க்கு 204 என்று தோல்வி. ஆனால் ஒத்துழைக்கிறவரைச் சந்தித்தால் இருவருக்கும் 600. இரண்டு துரோகிகள் சந்தித்தால் ஆளுக்கு வெறும் 200. கோப்பை மொத்தப் புள்ளிக்குத்தானே!

இரண்டாம் போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. முதல் போட்டியின் முடிவு எல்லோருக்கும் தெரிந்திருந்தும் டிட் ஃபார் டாட்தான் மறுபடி வென்றது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த சோதனை. அதிகப் புள்ளி எடுத்த நிரலுக்கு அடுத்த தலைமுறையில் அதிகப் பிரதிகள் என்று விதி வைத்தார் ஆக்செல்ராட். 'ஹாரிங்டன்' என்றொரு தந்திரக்கார நிரல், ஏமாளி நிரல்களைச் சுரண்டியே பெருகியது. சுமார் 200 தலைமுறையில் ஏமாளிகள் அருகிப்போனார்கள். சுரண்ட ஆளில்லாமல் அதுவும் தேயத் தொடங்கியது. 1,000ஆவது தலைமுறைக்குள் மறைந்தேபோனது. டிட் ஃபார் டாட் பெருகிக்கொண்டே இருந்தது.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. கைதவறி ஒருமுறை வாரிவிட்டால், அதன் இரு பிரதிகளுக்கிடையே மாறிமாறிப் பழிவாங்கல் ஓயாது. 1992இல் ஆய்வாளர்கள் மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் தவறுக்கு இடம்தரும் சூழலில் நிரல்களை வளரவிட்டபோது, கடைசியில் நிலைத்தது கொஞ்சம் தாராளமான வகை. எதிராளியின் ஒத்துழைப்பை அது ஒருபோதும் மறப்பதில்லை. துரோகத்தை மட்டும் மூன்றில் ஒருமுறை மன்னித்துவிடுகிறது.