எண்ணெய் வற்றிய டர்போ

முன்னே சறுக்குப் பலகை, பின்னே சுழலும் பட்டை - இதுதான் பனிமேல் பாயும் 'ஸ்னோமொபைல்'. 1959-ல் கனடாவின் பம்பார்டியர் கம்பெனி வெளியிட்ட 'ஸ்கி-டூ' இதைப் பிரபலமாக்கியது. மலை உயர உயரக் காற்று மெலியும், என்ஜின் திணறும். அப்போது காற்றை அழுத்தி ஊட்டுவதே டர்போவின் வேலை.

அதன் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். உராயாமல் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். சில விநாடிகள் எண்ணெய் நின்றாலே ஆபத்துதான்! மறுபடி எண்ணெய் ஊற்றினால் வண்டி என்னவோ ஓடும். அதை நம்பி மலையேறியவர், ஆளரவமற்ற பனிவெளியில் நின்றுபோனால் உயிருக்கே உலை.

ஆகவே, என்ஜின் ஆறியபின் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு சுழல வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆடினால் பதற வேண்டாம். பல டர்போக்களில் அது சகஜம். ஆனால், லேசாக ஒருபுறம் அழுத்திச் சுற்றும்போது இதழ்கள் கூட்டில் உரசுகின்றனவா? தண்டை முன்னும் பின்னும் இழுத்தால் நகர்வது கைக்குத் தெரிகிறதா? அப்படியானால் டர்போவைக் கழற்ற வேண்டியதுதான். பிரித்தால், தண்டு சூட்டில் நீலம் பாரித்திருப்பதையும் காணலாம்.

புது டர்போ வாங்கும் அவசரத்தில் எண்ணெய்க் குழாயை மறந்துவிடுவோர் உண்டு. அது கரியடைத்துக் கிடந்தால் புதியதற்கும் அதே கதிதான். விவரமறிந்த மெக்கானிக்குகள் முதலில் அந்தக் குழாயைத்தான் கழற்றி ஊதிப் பார்க்கிறார்கள்.