உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்துக்கே வந்த ஸ்டுடியோ

● 1897 ஜூலை 2 இரவு, லண்டன் டெவன்ஷயர் மாளிகையில் மாறுவேட நடன விருந்து. வந்தவர்களைப் படம்பிடிக்க மாளிகைத் தோட்டத்திலேயே கூடாரம் போட்டு ஸ்டுடியோ அமைத்துவிட்டார்கள்!

● படமெடுத்தது லாஃபயெட் நிறுவனம். விருந்தினர் சுமார் 700 பேர். விருந்தளித்த டெவன்ஷயர் சீமாட்டி, பழைய பல்மைரா நாட்டு அரசி செனோபியாவாக வந்தார். பாரீஸின் வொர்த் நிறுவனம் தைத்த அந்த உடை இன்றும் சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருக்கிறது. வின்ஸ்டன் சர்ச்சிலின் தாயார் பைசாந்தியப் பேரரசி தியோடோராவாக வந்தார்!

● அன்றிரவு படமெடுத்துக்கொள்ளாத பலர், பின்னொரு நாள் அதே வேஷத்தை மறுபடி போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஒரே இரவு விருந்து; அதன் ஆல்பத்தில் 286 படங்கள். தையல் மடிப்பும் மணிகளும்கூட அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. எத்தனை அழகான ஆவணம்!

● மாறுவேடம் நம் பக்கத்திலும் உண்டு. திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் பைராகி, துரை என்று நாளுக்கொரு வேஷம். இங்கே வேஷம் நேர்த்திக்கடன். ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, அம்மன் சந்நிதிக்கு வருகிறார்கள்.