பேன் தொல்லை: இரண்டு வாரம் விடாமல் பார்த்தால் தீரும்



"மருந்து போட்டோம், பேன் போய்விட்டது. பத்து நாளில் மறுபடியும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமிருந்துதான் ஒட்டியிருக்கும்." நெல்லிக்குப்பத்தில் நம் தாய்மார்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல் குற்றம் இருக்காது. முதல் நாள் மருந்தில் சாகாமல் தலையிலேயே தங்கிய ஈர்கள் பொரித்திருக்கும். இதைப் புரிந்துகொண்டால், வீட்டிலேயே பேனை ஒழித்துவிடலாம்.

பேன் எப்படிப் பெருகுகிறது?

வளர்ந்த பேன் எள் அளவு இருக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர். தலையில் ஏறக்குறைய ஒரு மாதம் உயிர் வாழும். பெண் பேன் தினமும் சில ஈர்களை முடியின் அடியில், தலைத்தோலை ஒட்டி, பசை போட்டதுபோல் ஒட்டிவைக்கும். அவை ஏறக்குறைய 7 முதல் 10 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து மறுபடி ஈர் வைக்க இன்னும் 9 நாளாவது ஆகும். "ஈரைப் பேனாக்குவது" என்று பேச்சில் சொல்வோமே, தலையில் அதற்கு ஒரு வாரமே போதும்.

பேனுக்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. ஒரு தலை இன்னொரு தலையோடு ஒட்டும்போது ஊர்ந்து போகும். மதரஸாவிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் நெருங்கி உட்காருவதும், வீட்டில் ஒரே பாயில் படுப்பதும் அதற்குப் போதுமானவை. சீப்பு, மக்கனா, துண்டு மாறுவதாலும் சில சமயம் பரவலாம்.

தினமும் தலைக்குக் குளிக்கும் பிள்ளைக்கும் பேன் வரும். ஈரத் தலையில் முக்காடு போடுவதால் பேன் உண்டாகாது. ஆகவே பேன் இருக்கும் பிள்ளையை "சுத்தமில்லாதவள்" என்று பலர் முன்னால் சொல்ல வேண்டாம். வெட்கப்படும் பிள்ளை அரிப்பை மறைக்கும். பேன் வீடு முழுவதும் பரவும்.

இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

அரிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் முறை பேன் வரும்போது அரிப்பு தொடங்கச் சில வாரங்கள்கூட ஆகலாம். வாரம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் பிள்ளையை உட்காரவைத்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பாருங்கள். ஊதினால் பறப்பது, தட்டினால் உதிர்வது பொடுகு. விரலால் இழுத்தாலும் முடியோடு ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது ஈர்.

தலைத்தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்குள் இருக்கும் ஈர்தான் பெரும்பாலும் உயிருள்ளது. முடி மாதம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வதால், தள்ளி இருப்பவை பொரித்துப்போன வெறும் கூடுகள். கூடு மட்டும் இருந்து, உயிருள்ள பேன் ஒன்றும் அகப்படாவிட்டால் மருந்து தேவையில்லை.

பேன் சீப்பு வைத்தியம்

செலவில்லாத முறை இதுதான். தலைமுடியை நனைத்து, கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவுங்கள். பேன் வேகமாக ஓட முடியாது. சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். சிக்கெடுத்த பிறகு முடியை நான்கு பாகமாகப் பிரித்து, நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் தோலைத் தொட்டு நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நீளமான முடிக்கு அரை மணி நேரம்கூட ஆகும்.

இதை 1, 5, 9, 13-ஆம் நாட்களில் செய்ய வேண்டும். ஜும்ஆவுக்காக எல்லோரும் தலைக்குக் குளிக்கும் வெள்ளிக்கிழமை தொடங்கினால், அடுத்து செவ்வாய், சனி, புதன். 17-ஆம் நாளான ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை வாரிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் வேலை முடிந்தது. நான்கு நாளுக்கு ஒரு முறை வாரினால், புதிதாகப் பொரித்த குஞ்சு ஈர் வைக்கும் வயதை அடையும் முன்பே சீப்பில் வந்துவிடும்.

முதல் நாளன்றே அத்தா, அம்மா, பாட்டி உட்பட வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள். பேன் உள்ள எல்லோருக்கும் அன்றே தொடங்குங்கள். ஒருவரை விட்டாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

மருந்து போடுவதானால்

மருந்துக்கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் கேளுங்கள். 5 சதவீதம் என்றிருப்பது சொறி சிரங்குக்கு உரியது. அதைத் தலையில் போட வேண்டாம். சாதாரண ஷாம்பூவால் எண்ணெய் போகக் கழுவி, துண்டால் துவட்டி, ஈரம் இருக்கும்போதே தடவி, 10 நிமிடம் கழித்து அலசுங்கள். கண்ணை ஈரத்துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். அதன்பின் ஓரிரு நாள் தலைக்கு ஊற்ற வேண்டாம். இந்த மருந்து ஈர்கள் எல்லாவற்றையும் கொல்லாது. எனவே 9-ஆம் நாள் இரண்டாம் முறை கட்டாயம். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் முறையைத்தான்.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடலாம். ஐவர்மெக்டின் மாத்திரையை டாக்டர் எழுதித் தராமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தலையில் படவே கூடாதவை

கரும்புக்கும் முந்திரிக்கும் அடிக்கும் பூச்சிமருந்து நம் பகுதியில் பல வீடுகளில் இருக்கிறது. அதைத் தலையில் தடவினால் தோல் வழியாகவே உடம்பில் ஏறி, மூச்சு முட்டி, உயிர் போகலாம். இப்படிப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. மண்ணெண்ணெய் தடவிய தலை அடுப்பருகே தீப்பிடிக்கும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து தேய்ப்பது நம் பழக்கம். ஆனால் சிறு பிள்ளைகளுக்குக் கற்பூரம் வலிப்பு வரவைக்கும் விஷம். அந்துருண்டை சில பிள்ளைகளுக்கு இரத்த அணுக்களை உடைத்துவிடும். சீத்தாப்பழக் கொட்டைப் பொடி வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும்.

துணிமணிகள்

தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, மக்கனா, தொப்பி, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். சீப்புகளை நல்ல சூடான நீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். வீட்டுக்கு மருந்தடிக்கத் தேவையில்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சொறிந்த இடத்தில் சீழ் பிடித்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரண்டு வார முறையை முழுமையாகச் செய்தும் உயிருள்ள பேன் இருந்தாலோ அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பேன் இருக்கிறது என்பதற்காகப் பெண் பிள்ளையின் முடியை ஒட்ட வெட்டவோ, மதரஸாவுக்கும் பள்ளிக்கும் அனுப்பாமல் நிறுத்தவோ தேவையில்லை. வைத்தியம் தொடங்கிவிட்டால் முடியைப் பின்னிக் கட்டி அனுப்பலாம். உங்கள் பிள்ளைக்குப் பேன் இருந்தால், அவளோடு விளையாடும் பிள்ளைகளின் தாய்மார்களிடமும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். ஒரு தெருவில் எல்லா வீடுகளும் ஒரே வெள்ளிக்கிழமை தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், அந்தத் தெருவில் பேன் தொல்லை ஓயும்.