கடற்பெருந்தெருவும் பனிக்கட்டியாறுகளும்

ஒரு மாநிலத்தின் தலைநகருக்கு வெளியிலிருந்து வீதியே இல்லை என்று கூறின், அதனை நம்புவார் அரியர். எனினும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்குக் கோடியிலுள்ள அலாஸ்காவின் தலைநகராகிய ஜூனோவின் நிலைமை அதுவே. அந்நகரின் முன்னே கடல்; பின்னே செங்குத்தான மலைகளும் அவற்றின்மேல் விரிந்து கிடக்கும் பனிக்கட்டிப் பரப்பும். ஆங்குச் செல்ல விழைவோர் வானூர்தியிலாதல் கப்பலிலாதல் செல்லல் வேண்டும். வீதி அமைக்க இடந்தராத அந்நிலத்தில் மாநில அரசினர் கடலையே வீதியாக்கினர்.

1963 ஆம் ஆண்டில் மலஸ்பினா, ரக்கு, மற்றனுஸ்கா என்னும் மூன்று கலங்களோடு ‘அலாஸ்கா கடற்பெருந்தெரு’ப் போக்குவரத்துத் தொடங்கியது. இக்கலங்கள் நம்மவர் ‘பாதை’ என வழங்கும் ஊர்தியேற்றுங் கலத்தின் பெருவடிவங்கள் எனலாம். இவற்றுக்கு அலாஸ்காவின் பனிக்கட்டியாறுகளின் பெயர்களையே சூட்டல் வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். வாஷிங்டன் மாநிலத்துப் பெலிங்ஹாம் துறையிலிருந்து புறப்படும் கலம் ஏறத்தாழ ஒன்றரை நாளில் கெச்சிக்கன் நகரை அடைந்து, பின்னர் வடக்கே செல்லும்.

வீட்டு மோட்டார் வண்டி கொண்டு செல்வோர்க்கு இவ்வழி பெரிதும் ஏற்றது. படுக்கையும் அடுப்பும் உள்ளடங்கிய அவ்வண்டிக்கு அதன் நீளத்தை அளந்தே கட்டணம் விதிப்பர். கடலிற் செல்லும்போது சமையல் வாயுக்கலத்தை மூடிவிடல் வேண்டும். வண்டித்தட்டில் எவரும் தங்கலாகாது. ஆகவே, வீட்டையே உடன்கொண்டு செல்பவரும் இரவில் மேற்றட்டு அறையிலோ சாய்வு நாற்காலியிலோதான் துயில்வர். மேற்றட்டில் ஒட்டுநாடாவாற் கூடாரத்தை நிலைநிறுத்தி உறங்குவாரும் உளர்.

இக்கடல்வழி அமைந்தவாற்றை அறிதல் மாணவர்க்குப் பயன்தரும். பசிபிக் கடலின் ஈரக்காற்று மலைகளில் மோதி உயருங்கால் பெரும்பனி பொழிகின்றது. ஆண்டுதோறும் படியும் பனி, தன் பாரத்தினால் அழுந்தி, உள்ளிருக்கும் காற்றை இழந்து, கட்டியாக இறுகுகின்றது. அக்கட்டி போதிய தடிப்பை அடைந்ததும் தன் நிறையாலேயே பள்ளம் நோக்கி மெல்ல நகர்கின்றது. அதுவே பனிக்கட்டியாறு. முற்காலத்தில் இவ்வாறுகள் மலைகளை ஆழக் குடைந்து சென்றன; அவை உருகிப் பின்வாங்கியபின் கடல் உட்புகுந்து நுழைகழிகள் ஆயின. ஹெயின்ஸ் என்னும் ஊரும் ஸ்காக்வே என்னும் ஊரும் அத்தகைய நீர்நிலையில் அண்மையில் உள்ளவை. கலத்தில் ஏறின் ஒரு மணி நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றதை அடையலாம். வீதிவழிச் சென்றால் கனடாவுட் புகுந்து ஏறத்தாழ 360 மைல் சுற்றல் வேண்டும்.

பனிக்கட்டியின் நீலநிறம் காண்போரை வியப்பிலாழ்த்தும். தடித்த பனிக்கட்டி ஒளியின் செந்நிறக் கூற்றை உறிஞ்சிவிடுதலின், எஞ்சிய நீலமே கண்ணுக்குப் புலப்படுகின்றது. கடலில் முடியும் ஆறுகளின் முகப்பிலிருந்து பெரும் பாளங்கள் இடியோசையோடு முறிந்து வீழும். ஆதலால் படகோட்டிகள் முகப்பினின்று எட்டியே நிற்பர்.

அப்பாளங்கள் உயிர்களுக்கும் உதவுகின்றன. கொலைத் திமிங்கிலங்களுக்கு அஞ்சும் கடல்நாய்கள் மிதக்கும் பனிக்கட்டிமேல் குட்டி ஈனும். கூனல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் ஹவாய்த் தீவுகளை அடுத்த கடலிற் கன்றீன்று, கோடையில் ஏறத்தாழ 3000 மைல் நீந்தி இரைதேடி இங்கு வருகின்றன. அவற்றுட் சில கூட்டமாகச் சேர்ந்து, நீரின் கீழிருந்து குமிழிகளை வட்டமாக எழுப்பி, ஹெரிங் மீன்களை வலையிலிட்டாற்போல வளைத்து உண்ணும். உரோம வணிகத்தால் இக்கரையில் அற்றுப்போன கடல் நீர்நாய்களை 1965 முதல் 1969 வரை வேறிடங்களிலிருந்து கொணர்ந்து விட்டனர். அவை இன்று பல்கிப் பெருகியுள்ளன. ஹெயின்ஸை அடுத்த சில்கற் ஆற்றில், நிலத்தடி நீரின் வெம்மையால் ஒருபகுதி உறையாதிருத்தலின், இலையுதிர்காலத்திற் பிந்திவரும் சமன் மீனை உண்ண வெண்டலைக் கழுகுகள் பெருந்தொகையாகக் கூடுகின்றன.

இக்காட்சிகளின் பின்னால் மனிதரின் துயரமும் உண்டு. கிளேசியர் குடாவில் வாழ்ந்த ஹூனா திலிங்கித் மக்கள், 18 ஆம் நூற்றாண்டில் பனிக்கட்டி முன்னேறி வந்து தம் குடியிருப்புக்களை அழித்தமையால் ஊர்விட்டு ஓடினர். 1794 இல் வன்கூவரின் குழுவினர் கண்டபோது அக்குடாவைப் பெரும்பாலும் பனிக்கட்டியே அடைத்திருந்தது. 1879 இல் ஜோன் மியூர் சென்றபோது அது 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916 இல் 60 மைல் பின்வாங்கிவிட்டது. இழந்த தாயகத்தில் அம்மக்களின் குலமனை ஒன்று மீண்டும் எழுந்தது 2016 ஆம் ஆண்டிலேயே.

ஜூனோவின் மெண்டன்ஹால் ஆறு இன்னொரு பாடம் புகட்டுகின்றது. வீட்டு வண்டியோடு அதன் ஏரிக்கரையில் தங்கி அதனைக் காணலாம். 1962 இல் அங்குப் பார்வையாளர் நிலையம் திறக்கப்பட்டபோது அண்மையில் நின்ற பனிக்கட்டி, இன்று ஒரு மைலுக்கு மேல் அகன்றுவிட்டது. பக்கத்துக் கிளையாறு உருகிச் சுருங்கியதாற் தோன்றிய பள்ளத்தில் கோடையில் நீர் தேங்குகின்றது. மெண்டன்ஹால் ஆறே அதற்கு அணையாகின்றது. நீர் மிகும்போது அது பனிக்கட்டியின் கீழே வழிதேடிப் பாய்கின்றது. 2011 முதல் இவ்வெள்ளம் நிகழ்ந்து வருகின்றது. 2023 ஆகஸ்டில் வீடுகள் ஆற்றில் வீழ்ந்தன. 2024 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான வீடுகளுள் நீர் புகுந்தது.

எல்லா ஆறுகளும் பின்வாங்கவில்லை என்பதும் உண்மையே. ஹபார்ட் என்னும் ஆறு முன்னேறி, 1986 இலும் 2002 இலும் றசல் நுழைகழியின் வாயை அடைத்தது. கடலில் முடியும் ஆறுகள் நீரின் ஆழம், மணற்றிட்டு முதலிய காரணங்களாலும் நீளவும் குறுகவும் கூடும். ஆயின் அலாஸ்காவின் மிகப் பெரும்பாலான ஆறுகள் தேய்ந்து வருகின்றன என்பதும், வளி வெப்பமடைதலே அதற்குத் தலையாய காரணம் என்பதும் அளவீடுகளால் நிறுவப்பட்டுள்ளன.

தந்தை வண்டியை நிறுத்தி நின்று கண்ட பனிக்கட்டியை மைந்தன் அதே இடத்தில் நின்று காணமுடியாத காலம் இது. நூலில் படத்தைப் பார்த்துப் பனிக்கட்டியாற்றின் இலக்கணத்தை மனனஞ் செய்யும் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். வாய்ப்பு நேருமாயின் சென்று காண்க. கண்டதை ஆண்டும் நாளும் இட்டு எழுதி வைக்க. வன்கூவர் குழுவினரும் மியூரும் எழுதி வைத்தமையாலன்றோ இன்று நாம் இழப்பின் அளவை அறிகின்றோம்!